சிரிக்காத இடத்தை வெட்டியவள்

சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம்! பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு பெண் எட்டு மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் இருந்தால் அதற்குப் பெயர் சும்மாவா? எங்கள் வீட்டுக்கு நேர் கீழே கடை வைத்திருக்கும் தையல்காரி அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள். திரிகிறாள் என்றுகூடச் சொல்ல முடியாது. மிஷினை மிதித்தபடியே அவள் சொல்ல, தெருதான் அவள் கடைக்கு வந்து கேட்டுவிட்டுத் திரிகிறது. ஆகையால் நானும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். நடுவில் தன் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்று கண்டித்திருக்கிறேன்.

சொல்வது என் மருமகளைப் பற்றி. சினிமாவுக்கு எடிட்டிங் செய்பவள். படம் எடுக்கிறவர்கள் மலைபோல் எடுத்துக் குவித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதில் வேண்டியதை வைத்து, வேண்டாததை வெட்டி, ஒரு படமாக ஒட்டிக் கொடுப்பது இவள் வேலை. பத்து வருஷம் இன்னொருவரிடம் உதவியாக இருந்தாள். போன வருஷம்தான் ஒரு முழுப்படம் தனியாக அவள் கைக்கு வந்தது.

வெட்டுவதே தொழிலாக உள்ளவள் வெங்காயம் வெட்டி நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு துண்டு பொடி, ஒரு துண்டு கட்டைவிரல் அளவு. கேட்டால், “வெந்தா எல்லாம் ஒண்ணுதானே அத்தை” என்பாள். ஆனால் காது இருக்கிறதே, அது வேறு ஜாதி. உள்ளறையில் இருந்துகொண்டே, “அத்தை, பால்!” என்று குரல் கொடுப்பாள். நான் போய்ப் பார்த்தால் பால் அப்போதுதான் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருக்கும். ஒரு நொடி முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. என் மகன் மருந்துக் கடையில் இருந்து வந்து அன்றைய கதையை ஆரம்பிப்பான். அவன் எதையும் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் சொல்லுவான். இவள் சாப்பிட்டபடியே, “உங்க கதை அந்தக் கிழவர் மருந்துச் சீட்டைத் தொலைச்ச இடத்துலயே முடிஞ்சிருச்சு. இப்ப ஓடறது வெறும் படச்சுருள்” என்பாள். அவனும் நிறுத்திவிடுவான். அம்மா சொல்லிக் கேட்காத பிள்ளை அவன்.

வெட்டியதை எறிய மாட்டாள். அவளுடைய கணினியில் அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது, ‘பரண்’ என்று பெயர் வைத்திருக்கிறாள். “வேண்டாம்னு தூக்கி வெச்சதுதான் அத்தை என்னைக்காவது வேணும்னு வரும்.” நான் உடைந்த குடையை வைத்திருந்தால் மட்டும் சத்தம் போடுவாள்.

அவள் வேலையில் எனக்கும் பங்குண்டு. இதைத் தையல்காரியிடம் நான் சொன்னதில்லை. ஒரு பகுதியை வெட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பாள். படித்தவர்கள் படம் பார்க்கும்போதே மனசுக்குள் குறை எழுதிக்கொண்டு பார்க்கிறார்களாம். “நீங்க முகத்தை மட்டும் பாக்கறீங்க அத்தை. எனக்கு அதுதான் வேணும்.” நான் திரையைப் பார்ப்பேன். அவள் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகு காட்டிக்கொண்டு, என்னைப் பார்ப்பாள். மடியில் ஒரு நோட்டு. நான் வாய்விட்டுச் சிரித்தால் ஒரு கோடு. புன்னகைத்தால் ஒரு வளைவு. கொட்டாவி விட்டால் ஒரு வட்டம். எனக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து இந்த மூன்றுதான்.

அந்தப் படத்தின் கதையைச் சொல்கிறேன். பதினாறு வயதுப் பெண். வகுப்பில் அவளை யாரும் சீண்டுவதில்லை. ஒருநாள், குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம் என்று ஒரு புளுகு புளுகுகிறாள். அவ்வளவுதான், வகுப்பே அவளைச் சுற்றி நிற்கிறது. வழியனுப்பு விழா நடக்கிறது. ஆளுக்கொரு பரிசு கொடுக்கிறார்கள். கூடப் படிக்கிற சிநேகிதி ஒருத்தி, பாவம், தன் சைக்கிளையே கொடுத்துவிடுகிறாள். இந்தப் பெண் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் ஒளிந்துகொள்கிறாள். எத்தனை நாள் ஒளிய முடியும்? அதுதான் வேடிக்கை. கடைசியில் சைக்கிளை மட்டும் கொண்டுபோய்ச் சிநேகிதி வீட்டு வாசலில் சாத்திவிட்டு, அழைப்பு மணியை அடித்துவிட்டு ஓடிவிடுகிறாள். மன்னிப்பும் கேட்கவில்லை, மண்ணும் கேட்கவில்லை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பரிசுகளைக் கட்டில்மேல் பரப்பி, விலை உசத்தியானதை முதலில் வைத்து வரிசைகட்டுவாளே, அந்த இடத்தில் எனக்குப் புரை ஏறிவிட்டது. நோட்டில் கோடுகள் வேலிபோல் நின்றன. மருமகளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

படம் வந்த முதல் நாள் நாங்கள் மூன்று பேரும் தியேட்டருக்குப் போனோம். ஆரம்பத்தில் எழுத்துகள் ஓடும்போது அவள் என் கையை அமுக்கினாள். அப்போதுதான் அவள் பெயர் திரையில் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எப்படி எழுதியிருந்ததோ, என்ன நிறமோ, நான் சரியாகப் பார்ப்பதற்குள் போய்விட்டது.

கட்டில் காட்சி வந்தது. நான் சிரித்தேன். தியேட்டரில் வேறு ஒரு சத்தமும் இல்லை. முன் வரிசையில் ஒருவன் திரும்பி, “யாரும்மா அது, தயாரிப்பாளர் வீட்டுப் பெரியம்மாவா?” என்றான். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அன்று அந்தத் தியேட்டரில் எழுந்த ஒரே பெரிய சிரிப்பு அதுதான். இடைவேளைக்குப் பிறகு எங்கள் வரிசையில் நாங்கள் மட்டும் இருந்தோம். மருமகள் திரையையே பார்க்கவில்லை. காலியான நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. “ரெண்டே முக்கா மணி நேரம் பாட்டி! நான் இப்படி வெட்டித் தெச்சா கவுனு தெருமுனை வரைக்கும் போகும்” என்றாள் தையல்காரி. “அதுவும் அந்தப் பொண்ணு! ஒரு சூடு சொரணை வேண்டாம்? அவளைப் பாத்துட்டு வந்து என் பொண்ணுக்கு ரெண்டு போட்டேன், சும்மாவே.” பத்திரிகைக்காரர்களும் இதையேதான் நாலு பக்கத்துக்கு எழுதினார்களாம். அந்தப் பெண்ணோடு உட்கார்ந்திருக்க முடியவில்லையாம். பதினாறு வயதில் யாரோடுதான் உட்கார்ந்திருக்க முடியும்? தையல்காரியின் பதினாறு வயதைக் கேட்டுப் பார்க்க அவள் அம்மா இப்போது இல்லை, அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

மருமகள் யாரையும் குறை சொல்லவில்லை. ஒரு மாதம் அவள் நாற்காலியில் நான் துவைத்த துணிகளை மடித்து வைத்தேன். அவளும் எடுத்து வைக்கச் சொல்லவில்லை.

அப்புறம் ஒருநாள் படத்தின் இயக்குநர் வந்தான். சின்னப் பையன்தான், தாடியால் வயதைக் கூட்டிக்கொண்டவன். படத்தைத் தொலைக்காட்சிக்குக் கேட்கிறார்களாம். ஆனால் நீளத்தைக் குறைக்க வேண்டும். அதைவிட முக்கியம், கடைசியில் அந்தப் பெண் அழுது மன்னிப்புக் கேட்பதுபோல் புதிதாக ஒரு காட்சி எடுத்து ஒட்ட வேண்டும். பத்து நாள் அவகாசம்.

“ஒரே ஒரு நிமிஷம் அழுதுடட்டும்க்கா. அழுதா ஜனங்க மன்னிச்சிருவாங்க.”

“அவ அழற ஆளு இல்லயேப்பா. நீதானே எழுதின?”

“எழுதறப்ப எனக்குத் தெரியலக்கா.” அவன் காபித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நீங்க பண்ணலைன்னா வேற எடிட்டரை வெச்சுப் பண்ணிக்கறோம்னு தயாரிப்பாளர் சொல்றார். அப்ப பேரும் அவங்க பேருதான் வரும்.”

அவன் போன பிறகு அவள் சமையலறை மேடையில் சாய்ந்து நின்றாள். முதல் படம். அதில் அவள் பெயர் இருக்குமா, இல்லையா என்பது இப்போது ஒரு பெண் ஒரு நிமிஷம் அழுவதில் இருந்தது. நான் வாயில் வந்ததைக் கேட்டேன்.

“ஆமா, அந்த சைக்கிள் குடுத்த பொண்ணு மழையில நடந்து போச்சே, அது எங்க? தியேட்டர்ல நான் தேடினேன், காணோமே?”

“எது?”

“சைக்கிள் இல்லாம பள்ளிக்கூடத்துக்கு நடக்குமே. பாதி வழியில நின்னு வானத்தைப் பாக்கும். ‘அவ இந்நேரம் விமானத்துல இருப்பா’ன்னு தனியா சொல்லிக்கும். ரெண்டு தெரு தள்ளி அந்தப் புளுகுணி போர்வைக்குள்ள கெடப்பா.”

“அதுவா. அதை எடுத்துட்டேன் அத்தை.”

“ஏன்டி?”

“நீங்க ஒண்ணுமே பண்ணலையே.”

போய் நோட்டைக் கொண்டுவந்தாள். பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். கோடு, கோடு, வளைவு, கோடு. அப்புறம் வெள்ளையாக ஒரு கால் பக்கம். “பாருங்க. கொட்டாவிகூட விடல. அப்படியே வெறிச்சு உக்காந்திருந்தீங்க. சரி, இது அத்தைக்கு ஒட்டலை போலன்னு பரண்ல போட்டுட்டேன். அந்தச் சிநேகிதி வர்ற இடம் எல்லாமே இப்படித்தான் வெள்ளையா இருந்துச்சு.”

“வெறிச்சு உக்காந்திருந்தேனா? மூச்சு விடாமப் பாத்துக்கிட்டு இருந்தேன்டி! அந்தப் பொண்ணு செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடக்கறப்ப எழுந்து போய்க் குடை பிடிக்கணும்போல இருந்துச்சு. அதுக்கு ஒரு கோடு கிடையாதா உன் நோட்டுல?”

அவள் வெள்ளைப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எங்கெங்கே வெள்ளையோ அங்கெல்லாம் நிறுத்தினாள்.

“யாருக்கு வலிச்சுதோ அவளையே காட்டாம விட்டுட்டேன் அத்தை” என்றாள் கடைசியில். “பொய் சொன்னவளை மட்டும் ரெண்டே முக்கா மணி நேரம் காட்டியிருக்கேன். ஜனங்க வேற என்ன பண்ணுவாங்க?”

துணிகளைத் தூக்கிக் கட்டிலில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு நாள். என் மகன் சமைத்தான். அதையும் தையல்காரி விடவில்லை. “ஆம்பள அடுப்புல, பொம்பள இருட்டுல” என்றாளாம். அடுப்பில் நின்றவன் என் பிள்ளை. எனக்கில்லாத வருத்தம் அவளுக்கு எதற்கு?

ஒன்பதாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். நான் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். அவள் நாற்காலியைத் திருப்பிப் போடவில்லை. என் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு, நோட்டு இல்லாமல், வெறும் கையோடு உட்கார்ந்தாள்.

படம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. சிநேகிதி நடந்தாள், நனைந்தாள், வகுப்பில் பக்கத்துக் காலியிடத்தில் யாரையும் உட்கார விடாமல் தன் பையை வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு அந்தப் புளுகுணி கட்டில்மேல் பரிசுகளை அடுக்கினாள். அவளை இழுத்து ஓர் அறை அறைய வேண்டும்போலவும் இருந்தது, பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும்போலவும் இருந்தது. கடைசியில் மணியை அடித்துவிட்டு ஓடினாள். கதவைத் திறந்த சிநேகிதி தெருவைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தாள். சக்கரத்தில் புதிதாகக் காற்று அடித்து வைத்திருந்தது. அவ்வளவுதான். யாரும் அழவில்லை. இந்தப் பக்கம் நான்தான் மூக்கைச் சிந்தினேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சிரித்த இடங்களில் பாதியைக் காணோம். எனக்குப் புரை ஏறிய இடம் அரை நிமிஷமாகிவிட்டது. அதில் இன்றுவரை எனக்குக் கோபம்தான்.

மறுநாள் காலை அவள் குளித்து, தலை சீவி, புதிதாக வெட்டிய படம் இருந்த வட்டுப்பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். தயாரிப்பாளர் அலுவலகத்துக்கு. ஒன்றரை மாதத்தில் அன்றுதான் வாசல் தாண்டினாள். நான் ஜன்னலில் நின்றேன். தையல்காரி கடைப்படியில் நின்று யாருக்கோ அளவெடுத்து அனுப்பிவிட்டு, இவளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“என்ன, அந்தப் பொண்ணை அழ வெச்சுட்டியா?”

“இல்லக்கா.”

“அப்ப வேற ஆளை வெச்சு வெட்டிக்கறாங்களாமே, பேச்சு அடிபடுது?”

“வெட்டிக்கட்டும். இதை முழுசா ஒரு தடவை பாத்துட்டு வெட்டட்டும். பாக்கற வரைக்கும் நான் அங்கேருந்து எழுந்திருக்கறதா இல்ல.”

“அவ்வளவு நம்பிக்கையா? அந்தத் திமிரு புடிச்ச பொண்ணு மேலயா?”

மருமகளின் பார்வை தையல்காரியின் தோளில் நின்றது. அங்கே ஒரு சிவப்பு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது, மாடியில் இருந்த எனக்கே தெரிந்தது. இவள் ஒரு படி ஏறி, அதை இரண்டு விரலால் மெதுவாக எடுத்து, எறியாமல் தன் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.