என்னை யாருக்கும் தெரியாத காலேஜ்

ஜூன் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இரண்டு பேர் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருத்தி நான். இன்னொருவர் என் கணவர் குணசேகரன். முடிவெடுக்க வேண்டிய எங்கள் மகள் கயல் மட்டும் இட்லிக்கு மேல் இட்லியாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்!

பிரச்னை என்ன? இரண்டு இடத்தில் சீட். ஒன்று, ஆராய்ச்சிக்குப் பெயர்போன பெரிய பல்கலைக்கழகம். இன்னொன்று, சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ் — அறிவியலோடு வரலாறு, இலக்கியம் என்று கலந்து படிக்கலாம். கயலுக்குத் தாவரவியலும் பிடிக்கும், வரலாறும் பிடிக்கும். போதாதா?

நேரில் பார்த்துவிடலாம் என்று நானும் அவளும் கிளம்பினோம்.

சின்ன காலேஜில் ஒரு பேராசிரியை வாசலுக்கே வந்து, "வாங்க கயல்விழி" என்றார். வகுப்பில் நாற்காலிகள் வட்டமாக. பிள்ளைகள் அவரோடு சரிக்குச் சரி வாதாடுகிறார்கள். ஒரு மாணவியிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஒருநாள் கிளாஸுக்கு வரலைன்னா மதியமே மேடம் போன் பண்ணிடுவாங்க ஆன்ட்டி" என்றாள். அங்கேயே அட்மிஷன் போட்டுவிடலாம் போல் இருந்தது — எனக்கு!

பெரிய பல்கலைக்கழகம்? ஆட்டோ இறக்கிவிட்டதே தப்பான கேட்டில். வெயிலில் நடந்து துறையைக் கண்டுபிடித்தால், அலுவலகத்தில் நிமிர்ந்து பார்க்க ஆளில்லை. புலம்பிக்கொண்டே திரும்பினேன். கயலைக் காணோம்.

ஒரு கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே ஊதா வெளிச்சத்தில் வரிசையாக நெல் நாற்று. உப்புத் தண்ணீரைத் தாங்குகிறதா என்று சோதிக்கிறார்களாம். கீழ்வேளூரில் என் அண்ணன் வயலில் உப்பு ஏறி, பயிர் மஞ்சளாகிக் கருகியபோது வரப்பில் நின்று பார்த்தவள் அவள். உள்ளே இருந்த ஆராய்ச்சி மாணவி தலையைத் தூக்காமலே, "வர்றதுன்னா செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றாள். போனவள் போனவள்தான். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து, நடந்து, மறுபடி உட்கார்ந்து...

"முதல் வருஷம் எதையும் தொட விடமாட்டாங்களாம்மா" என்றபடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தொட விடாததற்கு என்ன சிரிப்பு?

முடிவு சொல்ல வேண்டிய கடைசி நாள். நன்னிலம் கடைத்தெருவில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற குணா, அன்று கடையைத் திறக்கவே இல்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"சின்ன காலேஜுன்னா நல்லாப் பாத்துக்குவாங்க பாப்பா. நாலு பேருக்கு நம்மளத் தெரியணும்ல?"

"அதாம்ப்பா எனக்குப் பயமா இருக்கு."

"இதுல என்ன பயம்?"

"பஸ் ஸ்டாண்டுல நின்னு ஐஸ்கிரீம் சாப்பிட்டா, நான் வீடு வர்றதுக்குள்ள உங்க கடைக்குச் சேதி வந்துருது. ஃபிசிக்ஸ்ல மார்க் குறைஞ்சா மெடிக்கல் கடைக்காரர் 'என்னம்மா ஆச்சு'ன்னு கேக்குறாரு. எல்லாரும் பாசமாத்தான் கேக்குறாங்க. ஆனா ஒரு தப்பக்கூட என்னால தனியாப் பண்ண முடியலப்பா!"

குணா நடப்பதை நிறுத்தினார்.

"அப்ப வரலாறு?" — நான் விடவில்லை.

அவள் முகம் சுருங்கியது. "அது மட்டுந்தாம்மா கஷ்டமா இருக்கு. அந்த கிளாஸ்ல உக்காந்து சண்டை போடணும்னு அவ்வளவு ஆசையா இருந்துச்சு..." கண் கலங்கிவிட்டது. இவளுக்குக் கவலையே இல்லை என்றா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்?

பேராசிரியைக்கு அவளே போன் செய்து, வரவில்லை என்று சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "லீவுல ஒருநாள் வந்து கிளாஸ்ல உக்காந்துட்டுப் போ" என்றாராம். இப்படிப்பட்டவரை விட்டுவிட்டு, நிமிர்ந்து பார்க்காதவர்களிடம் போகிறாளே!

பிள்ளைகளுக்கு நல்ல இடம் தேடுகிறோம் என்கிறோம். பாதி நேரம் நாம் தேடுவது, நமக்குத் தூக்கம் வருகிற இடத்தை. இல்லையா?

கயல் போய்ச் சேர்ந்தாள். அறையில் இருக்கிற பெண்ணுக்கே இவள் ஊர் எது என்று தெரியாதாம். அதைச் சொல்லும்போது குரலில் பெருமையா, வருத்தமா... எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்கே பிடிபட்டிருக்காது.

நேற்று காலை மறுபடி போன்.

"அம்மா, காய்ச்சல் வந்துச்சு. சரியாப் போச்சு. நானே டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டேன்."

"ஏண்டி அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ உடனே பஸ் ஏறிடுவ."

என்ன பேச்சு இது? நான் என்ன, தொட்டதற்கெல்லாம் பதறுகிறவளா?

இந்தப் பத்தியை பஸ்ஸில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன் — திருச்சி தாண்டிவிட்டது!