நகராத ஜீப்பில் இடப்பக்கம் உட்கார்ந்தவர்

மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்த காலையில், புதுச்சேரி மருத்துவமனையிலிருந்து செல்வி தொலைபேசியில் கூப்பிட்டாள். "டீச்சர், அவரு போயிட்டாரு" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "மாமா கிட்ட யாரும் எதுவும் சொல்லிட வேணாம். நாங்க வர்ற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். குடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அவளுடைய மாமனார், எண்பதைத் தாண்டிய குப்புசாமி, வாசல் தகரக் கொட்டகையில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னும் ஒரு வாளி தண்ணி வேணும்மா" என்றார். மகன் தண்டபாணி சார் செத்துப்போன செய்தியை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மரக்காணத்தில் தண்டபாணி சாரோடு ஆசிரியர் அறையில் டீ குடித்தவர்களுக்கும், அவரிடம் வேதியியல் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அந்த ஜீப்பை வைத்து அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. அடுத்த வீட்டுக்காரி, கணக்கு டீச்சர் வேறு. நான் கொஞ்சம் கூடுதலாகவே செய்தேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "சிரிங்க டீச்சர், நானும் ராத்திரி படுத்தா சிரிச்சுக்கறேன்" என்பார். அவர் ஏன் அப்படி அந்த இரும்பைக் கட்டிக்கொண்டு அழுதார் என்று தெரிந்தவர்கள் மிகச் சிலர்தான்.

பெரியவர் குப்புசாமி தன் காலமெல்லாம் உப்பள அலுவலகத்தில் ஜீப் ஓட்டியவர். 2004ஆம் வருடத் தொடக்கத்தில் அவருக்கு நினைவு ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. முதலில் மருமகள் பெயர் போனது, பிறகு மகனே நினைவிலிருந்து போனார். மிச்சம் நின்றது வேலை ஒன்றுதான். காலையில் குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, "வண்டியக் காணோம், ஐயா வர்ற நேரமாச்சு" என்று தேடக் கிளம்பிவிடுவார். ஒரு நாள் பிரம்மதேசம் சாலையிலிருந்து சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இன்னொரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையின் நடுவே நின்று சென்னை பஸ்ஸை மறித்துவிட்டார். செல்வி கதவைப் பூட்டிப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பொழுதுசாயும் வரை அழுதார். தெருவே காதைப் பொத்திக்கொண்டது.

அவர் ஓட்டிய ஜீப் அலுவலகத்தின் பின்னால் கழித்துப் போட்டபடி கிடந்தது. இன்ஜினுக்குள் கொடி ஏறியிருந்தது. சார் அதை எப்படியோ வாங்கி, டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அன்றைக்குப் பெரியவர் எங்கேயும் போகவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, வலது முழங்கையைக் கதவின் மேல் வைத்தார். அவர் முழங்கை தேய்த்துத் தேய்த்துப் பச்சைப் பெயிண்ட் போய், அந்த ஓரிடத்தில் மட்டும் தகரம் வழவழவென்று இருந்தது. கை நேராக அங்கேதான் போய் உட்கார்ந்தது. சார் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா டீச்சர்?" என்றார்.

அதற்குப் பிறகுதான் தப்பு நடந்தது. டிங்கரிங் கடை பாஷா பாய் வேலைக்கு வந்தார். நல்ல மனிதர், கை சுறுசுறுப்பு. நம்மூரில் வண்டியை யாரிடம் விட்டாலும் முதலில் பெயிண்ட் அடித்துத்தானே மரியாதை செய்வார்கள்? கலர் எப்படி இருக்கிறதென்று காட்டுவதற்காகத் தேய்க்காமல் கொள்ளாமல் பானெட் மேல் புதுப் பச்சையை ஒரு பூச்சு அடித்துவிட்டார். தண்டபாணி சாரும் ஆசையோடு பார்த்துக்கொண்டுதான் நின்றார். பெரியவர் வெளியே வந்தார், பார்த்தார். "இது யாரு வண்டி? நம்மளுது இல்லையே" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார். சாயங்காலம் உப்பளக் கரையில் கிடைத்தார். காலெல்லாம் உப்பு அறுத்துப் புண்ணாகியிருந்தது.

மறுநாளே தின்னரும் பஞ்சும் வாங்கி வந்து அந்தப் புதுப் பூச்சை எடுக்க உட்கார்ந்தோம். பாஷா பாய், சார், வேடிக்கை பார்க்கப் போய் மாட்டிக்கொண்ட நான். அழுத்தினால் அடியிலிருக்கும் பழைய பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். "பச்சக் கொழந்தைக்குக் கண்ணு தொடைக்கிற மாதிரி தொடைங்க டீச்சர்" என்பார் சார். தின்னர் நெடியில் எனக்குத் தலை சுற்றியது, வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாஷா பாய் சிரித்தார். "அழகு பண்ணித் தான்னு வர்றவங்களப் பாத்திருக்கேன் சார். இருந்த அசிங்கத்தத் திருப்பிக் குடுன்னு கேக்கறது நீங்க ஒருத்தர்தான்." வெளுத்த பச்சையும் சொட்டைகளும் வெள்ளைத் திட்டுகளும் மெல்ல வெளியே வந்தன. பெரியவர் வந்து பானெட்டைத் தடவிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டார்.

அதிலிருந்து சாருக்கு ஒரே சட்டம்: கண்ணுக்குத் தெரிவது எதுவும் மாறக்கூடாது. உள்ளே எல்லாம் மாறியது. பிஸ்டன், ஒயரிங், பிரேக், பேட்டரி எல்லாமே புதிது. இருக்கையின் கிழிந்த ரெக்சினை அப்படியே விட்டு, அடியில் மட்டும் புதுப் பலகை கொடுத்தார். "சட்டை பழசா இருந்தா என்ன, உள்ள பனியன் புதுசு" என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்துக்கொண்டார். இன்ஜின் உறுமிய அன்று தெருவே கூடியது. ஆனால் ஜீப் ஓர் அடிகூட நகரவில்லை. பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டை அவரே கழற்றி வைக்கச் சொல்லியிருந்தார். முன் சக்கரத்துக்குப் போவது கழித்துப் போட்ட காலத்திலேயே காணாமல் போயிருந்தது. நினைவில்லாத அப்பாவின் கையில் ஓடுகிற வண்டியைக் கொடுக்க முடியுமா?

அதன்பின் தினமும் சாயங்காலம் பள்ளிவிட்டு வந்ததும் சார் இடது இருக்கையில் ஏறி உட்காருவார். பெரியவர் விறைப்பாக, "ஐயா, எங்க போகணும்?" என்பார். மகன் அவருக்கு அதிகாரியாகிவிட்டிருந்தார். "பெரிய வாய்க்கால் பக்கம் போப்பா" என்பார் சார். உத்தரவு கிடைக்காமல் பெரியவர் சாவியைத் தொடமாட்டார். இன்ஜின் ஓடும், கியர் மாறும், ஸ்டியரிங் திரும்பும். வாசலிலேயே நின்றபடி பாத்திகளையும் மதகையும் உப்புக் குவியல்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே பெரியவர் ஓட்டுவார். வழியில் மாடு வந்தால் ஹாரன் அடிப்பார். போய்ச் சேர்ந்ததும் இறங்கி, கை கழுவி, சமர்த்தாகச் சாப்பிட்டுத் தூங்குவார். ஒரு நாள் சார் இறங்கி என் வீட்டு மதில் பக்கம் வந்து நின்றார். "அப்பாவை வாப்பா போப்பான்னு கூப்புடறேன், அவரு என்னைய ஐயாங்கறாரு. ஒரே ஒரு தடவை புள்ளைன்னு ஒரு வார்த்தை வந்துட்டாப் போதும் டீச்சர். அந்த வண்டியோட தோல் மாறாம இருந்தா, என்னிக்காவது ஞாபகம் வந்துடும்" என்றார். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சொல்லவும் மனம் வரவில்லை.

அந்த டிசம்பரில் சுனாமி வந்தது. வாய்க்கால் வழியாகத் தண்ணீர் ஏறி எங்கள் தெருவுக்குள்ளும் புகுந்தது. எல்லாரும் மேட்டுப்பக்கம் ஓடினோம். பெரியவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "கவர்மென்ட் வண்டிய விட்டுட்டு வர முடியாது" என்று அடம்பிடித்தார். இழுத்தும் பார்த்தார் சார். கிழவருக்கு எங்கிருந்துதான் அந்தப் பலமோ. கடைசியில் செல்வியை எங்களோடு அனுப்பிவிட்டு, அவர் இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் சக்கரம் மூழ்கும்வரை வந்து, நின்று, திரும்பிப் போனதாம். நாங்கள் வந்து பார்த்தபோது இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கடலோரக் குப்பங்களில் அன்று போனவர்களை நினைத்தால் இதையெல்லாம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சாரின் முகத்தில் அன்று நான் பார்த்த கையாலாகாத்தனத்தை மறக்க முடியவில்லை.

உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு பிறகு சும்மா இருக்குமா? துரு கிளம்பியது. சார் விளக்கெண்ணெய் பூசினார். பெரியவர் அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்து, வண்டியைக் கழுவினார். முப்பது வருடம் காலையில் வண்டி கழுவிய கை, யார் சொல்லி நிற்கும்? வாசல் அடிபம்பில் வருவதோ கடுத்த உப்புத் தண்ணீர். அப்பாவின் கடமைதான் அப்பாவின் வண்டியைத் தின்றுகொண்டிருந்தது. தடுத்தால் அழுவார். கடைசியில் சார் விடியும் முன்னே எழுந்து, லாரியில் வந்த நல்ல தண்ணீரை வாளிகளில் நிரப்பி ஜீப் அருகே வைக்கத் தொடங்கினார். "குடிக்கத் தண்ணி இல்ல, ஜீப்பு குளிக்குது" என்று தெருவில் முணுமுணுத்தார்கள். செல்வியும் முணுமுணுத்தாள், ஆனால் ஒரு வாளியை அவளும் தூக்கினாள்.

அப்படியும் நிற்கவில்லை. தேய்ந்து தகரம் தெரிந்த இடத்தில்தானே துரு முதலில் ஏறும்? அந்த முழங்கை வைக்கிற இடம் சொரசொரவென்று ஆகிவிட்டது. பெயிண்ட் அடித்தால் காப்பாற்றலாம். அடித்தால் அது அப்பாவின் வண்டி இல்லை. "துருவுக்குச் சமன்பாடு எழுதச் சொல்லுங்க, கண்ண மூடிக்கிட்டு எழுதறேன். நிறுத்தச் சொன்னா எனக்குத் தெரியல" என்றார் சார். இந்த வருடம் மழைக்கு முன்னால் அவர் காலடித் தகரமே பொத்துக்கொண்டது. பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் கால் வைத்து உட்கார்ந்தார். நெஞ்சுவலி வந்தது அதற்கு அடுத்த வாரம். வேனில் ஏற்றும்போதுகூட என்னிடம், "வாளியில நல்ல தண்ணி ஊத்தி வெச்சுடுங்க டீச்சர்" என்றார். வாயுத் தொல்லையாக இருக்கும், வந்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

உடலைக் கொண்டுவந்து கிடத்தியபோது செல்விக்கு மனம் கேட்கவில்லை. பெற்றவர் இல்லையா? கையைப் பிடித்து அழைத்துவந்து முகத்தைக் காட்டினாள். பெரியவர் உற்றுப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு ஜீப்புக்குத் திரும்பிப் போனார். புரிந்ததா, புரியவில்லையா, யாருக்கும் தெரியாது.

அன்று தொடங்கியது அடுத்த கஷ்டம். சாயங்காலம் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்காருகிறார், உத்தரவு கொடுக்க ஆளில்லை. கிளம்பாமல் எப்படி இறங்குவார்? இறங்காமல் எப்படிச் சாப்பிடுவார்? இரண்டு நாள் செல்வி சோற்றுத் தட்டோடு நின்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் மதிலுக்கு அப்பாலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "என்னால அங்க ஏறி உக்கார முடியல டீச்சர்" என்றாள். நான் போய் இடது இருக்கையில் ஏறினேன்.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"ஆபீஸ்ல இருந்து வர்றேங்க. ஐயாவுக்கு டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு." யோசித்துச் சொன்னதில்லை. ஆசிரியர் வீட்டில் எப்போதும் புழங்குகிற சொல், வாயில் வந்துவிட்டது.

"எந்த ஊருக்கு?"

"தூரங்க."

கொட்டகைக்குள் அடித்த சாரலில் கண்ணாடிமேல் விழுந்த துளிகளையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றார். பிறகு, "எத்தினியோ ஐயா கிட்ட வேலை பாத்துட்டேம்மா. இவரு மாதிரி ஒருத்தர் இல்ல. தண்ணி வந்தப்ப எல்லாரும் என்னைய வுட்டுட்டு ஓடிட்டாங்க, அவரு பக்கத்துல உக்காந்திருந்தாரு. பெத்த புள்ளகூட அப்பிடி இருக்க மாட்டாம்மா" என்றார்.

என்ன செய்ய முடியும் நான்? அந்தப் பிள்ளைதான் அவர் என்று சொன்னால், இருக்கிற நிம்மதியும் போகும். பெரிய வாய்க்கால் பக்கம் போகச் சொன்னேன். சாவியைத் திருப்பினார்.

தண்டபாணி சாரின் வகுப்பும் சிரிப்பும் உங்கள் எல்லாரிடமும் இருக்கும். என்னிடம் இருப்பது பெரியவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை. அது எனக்குச் சொன்னதில்லை. இரண்டு வருடம் இடப்பக்கம் உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை. அவரைத் தெரிந்தவர்கள் நீங்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.