அறுபது மைக்ரான்

நேற்று மத்தியானம் எங்கள் வில்லியனூர் வீட்டு இரும்புக் கேட்டின் இரண்டு கதவுகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மூட மாட்டோம் என்றன. காலையில் ஒழுங்காகத் திறந்த கேட்தான். கணவர் இரண்டு உதை விட்டுப் பார்த்துவிட்டு, வெல்டரை அழைத்து ஓரத்தைத் தேய்க்கச் சொல்லப் போனை எடுத்தார்.

"சாயங்காலம் வரைக்கும் சும்மா இருங்க, தானா மூடும்" என்றேன்.

"ஆமாமா, இரும்பு உனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி" என்றார்.

ஆறு மணிக்கு ஒரு விரலால் தள்ளினேன். மூடிக்கொண்டது. அவர் காபி குடிக்கப் போய்விட்டார். எனக்கோ மத்தியானம் கேட்டைத் தொட்டபோது உள்ளங்கையில் சுரீரென்ற அந்தச் சூடு போகவே இல்லை. அதே சூடு முன்பொரு நாள் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

டிப்ளமா முடித்த கையோடு திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். மதகடிப்பட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ரஹீம் பாய்தான் முதலாளி. எட்டுப் பேர், நான்கு மெஷின்கள், எண்ணெயும் இரும்புத்தூளும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனை தலைமுடியில் ஏறிவிட்டால் சீயக்காய்க்கும் அசையாது. சாண் நீளத்துக்கு இரும்புப் பின்கள் செய்து சென்னைப் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு அனுப்புவோம். பின்னின் நீளத்தை மைக்ரோமீட்டரில் அளந்து நோட்டில் எழுதுவது என் வேலை. முப்பது மைக்ரானுக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அது ஒரு தலைமுடியின் பாதிக் கனம்கூட இல்லை.

சேர்ந்த வாரமே ஒரு சங்கடம். மெஷினிலிருந்து வந்த சூட்டோடு மாலையில் அளந்த பின்னை மறுநாள் காலையில் அளந்தால் குறைந்திருந்தது. முதலில் மைக்ரோமீட்டரைச் சந்தேகப்பட்டேன், பிறகு என் கண்ணை. சூடு பட்டால் இரும்பு நீளும் என்று இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தது நினைவுக்கு வர மூன்று நாளாயிற்று. அதிலிருந்து பின்களையும் மைக்ரோமீட்டரையும் கருங்கல் மேடையில் பக்கத்துப் பக்கத்தில் இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில்தான் அளப்பேன்.

என்ன புத்திசாலித்தனம் என்று நீங்கள் மெச்ச வேண்டாம். பாதிக் காரணம் ஐந்தரை மணி பஸ். அதை விட்டால் வில்லியனூரில் மாறி அபிஷேகப்பாக்கத்து அப்பா வீட்டுக்குப் போய்ச்சேர இருட்டிவிடும். அன்றன்றைக்கே அளந்துவிட வேண்டும் என்பது பாயின் கட்டளை. நோட்டில் நேரத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் கூச்சமே இல்லாமல் 'மாலை 5' என்று எழுதி வந்தேன்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அனுப்பிய முந்நூறு பின்களும் அறுபது மைக்ரான் அதிகமாம்.

"அளந்தியாம்மா, இல்ல குத்துமதிப்பா எழுதினியா?" என்றார் பாய்.

"அளந்தேன் பாய்."

அவர் நம்பவில்லை. ஆனால் கத்தவும் இல்லை. "அளக்காம எழுதிட்டேன்னு ஒரு லெட்டர் எழுதி எடுத்துக்க. நாளைக்கு நேர்ல போவோம். வேற வழி இல்லன்னா குடுத்துருவோம். எட்டுப் பேரு வூட்டு அடுப்பு எரியணும்மா" என்றார்.

எழுதினேன். 'பொய்க்கணக்கு எழுதின பொண்ணு' என்று பேராகிவிட்டால் அந்த ரோட்டில் எந்தக் கொட்டகையும் என்னைச் சேர்க்காது. எங்கள் தெருவில் மெஷின் கம்பெனி வேலைக்குப் போன முதல் பெண் நான். அப்பா களத்துமேட்டில் அதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

மறுநாள் அந்தக் கம்பெனியில், வெளியே தகரக் கூரைக்கடியில் கிடந்த பெட்டியிலிருந்து ஒரு பின்னை எடுத்துக்கொண்டு ஏசி அறைக்குள் வந்தான் ஓர் இளம் இன்ஸ்பெக்டர். தன் சில்லிட்ட மைக்ரோமீட்டரில் அளந்தான். "பாருங்க, அறுபது ஜாஸ்தி" என்று பின்னை என்னிடம் நீட்டினான். வாங்கினேன். உள்ளங்கை சுரீரென்றது.

ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால், சூட்டோடு மாலை ஐந்துக்கே எப்படிச் சரியாக அளந்தாய் என்று கேட்பார்கள்; என் திருட்டுத்தனமும் சேர்ந்து வெளியே வரும்.

"சார், இத இங்கயே ஆறவுட்டு அளங்க. கொறையும்."

"இன்னாம்மா, ஆறினா சின்னதாயிடுமா?" என்றார் பாய்.

"ஆவும் பாய். நான் சாயங்காலம் அளக்கறதே இல்ல. ராத்திரி ஆறவுட்டு காலைலதான் அளப்பேன். அஞ்சு மணின்னு எழுதினது பொய்."

"அப்ப அளவு?"

"அளவு நெசம் பாய்."

காத்திருந்தோம். ஏசியில் பல் கிட்டியது, துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நாற்பது என்றான். பிறகு பதினெட்டு. ஒன்றரை மணி நேரம் கழித்து, கொஞ்சம் வெட்கத்தோடு, நான்கு என்றான். பெட்டியிலிருந்து இன்னும் பத்துப் பின்களை எடுத்து ஆறவைத்து அளந்து, முந்நூறையும் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், நடுவில் சிரிப்பும் வந்தது.

"ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கல, பாத்தியா" என்று பாயும் பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த லெட்டர குடு." கொடுத்தேன். பின்களைத் தொட்ட எண்ணெய்க் கையை அதில் நன்றாகத் துடைத்து, கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். "அஞ்சரை பஸ்ஸுக்கே போம்மா. நேரத்த மட்டும் உண்மைய எழுது."

இன்று அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் டைல்ஸ் குடோன் நிற்கிறது. ஐந்தரை மணி பஸ்ஸை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பாயும் இல்லை, களத்துமேட்டில் பெருமை பேசிய அப்பாவும் இல்லை. போனதையெல்லாம் திருப்பித் தருகிறேன் என்று யாராவது வரம் கொடுத்தால் கை நீட்டி வாங்கிக்கொள்வேன். அந்த ஒரு கடிதத்தை மட்டும் தொட்டியிலேயே விட்டுவிடச் சொல்வேன்.