சாட்சிச் சிட்டம்

எனக்குச் சும்மா உட்கார வராது. பஸ்ஸில் சீட்டு கிடைத்தாலும் இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து நின்றுகொள்வேன். உலை கொதிக்கும் முன் நாலு தடவை மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். தூக்கினால் ஆவி போய்விடும், கொதிக்க இன்னும் நேரமாகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளும் நான்தான். ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் என் பள்ளிக்கூடம். பதினோரு வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன்.

வீட்டில் வேறு தொழில். என் வீட்டுக்காரர் பதினைந்து தறிகளுக்குப் பட்டு நூல் கொடுத்துப் புடவையாக வாங்குகிறவர். நூலை எடை போட்டுக் கொடுப்பார், புடவையை எடை போட்டு வாங்குவார். அறுந்த நூல், மிச்ச நூல் என்று கழிவுக்குக் கொஞ்சம் விடுவார். அதற்கு மேலும் குறைந்தால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அடுத்த புடவைக்கான பாவு நூல் கொடுக்க மாட்டார்கள். ஒருவர் கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று இன்னொருவர் விசாரிப்பார். பத்து நாளில் அந்தத் தறிக்கு நூல் கொடுக்க ஒரு வீடும் இருக்காது.

போன வருடம் பங்குனியில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். வாங்கியது நான்தான், அவர் கேட்கவில்லை. பழைய தராசின் முள் ஆடி நிற்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். புதுத் தராசு வந்த அன்றைக்கே அதில் ஏதாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு அக்காவின் தறியில் இரண்டு புடவை முடிகிற நேரம். இருபது வருடமாக எங்களுக்கு நெய்பவர். அவருக்கு நானே போன் போட்டேன். தறியிலிருந்து அறுத்ததும் அப்படியே ஜல்தி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பணும் என்றேன். அக்கா நாளைக்குக் கொண்டு வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இன்றைக்கே என்றேன்.

மிச்ச நூல், கழிவு, ஜரிகை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தும் நாற்பத்தாறு கிராம் குறைந்தது. எண்ணைச் சத்தமாகப் படித்துச் சொன்னதும் நான்தான்.

அக்கா புடவையைச் சுற்றிக்கொண்டு வந்த துணியை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். தராசில் கோளாறு இருக்கும் என்று நானே அவசரமாகச் சொல்லி, அதைச் சோதிக்க ஆரம்பித்தேன். தட்டைக் காலியாக வைத்துச் சுழிப் பிழை இல்லை என்று பார்த்தேன். முத்திரை போட்ட ஒரு கிலோ கல்லை வைத்தேன். சரியாக ஆயிரம் காட்டியது. மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் ஆயிரம். கருவியில் பிழை இல்லை என்று நான் நிரூபித்து முடித்தபோது மிச்சம் இருந்தது அக்கா மட்டும்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்தது, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கும்போது. அடுத்த பாவைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த வாரம் என்னால் எதிலும் நிற்க முடியவில்லை. சாக்பீஸை உடைத்துக்கொண்டே பாடம் நடத்தினேன். அக்காவைச் சந்தேகப்பட மனம் வரவில்லை, ஆனால் கிராமைச் சந்தேகப்படவும் படித்த புத்தி விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் எனக்கே என் மேல் எரிச்சல்.

பொதுத் தேர்வுக்குத் திருப்புதல் நடந்துகொண்டிருந்தது. கரைசல்கள் பாடத்தில் ஈரம் உறிஞ்சும் பொருட்கள். மழைக்காலத்தில் உங்கள் வீட்டு உப்பு ஜாடியைப் பாருங்கள், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியும் என்று வருடா வருடம் சொல்லும் உதாரணத்தைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது. உப்புக்கு மட்டுமா ஈரம்? பட்டும் இழுக்குமே. அக்காவுக்கு நூல் கொடுத்தது கார்த்திகையில், மூன்று நாள் விடாத மழையில். முட்டி வலியால் ஒரு மாதம் தறியில் இறங்காமல் கிடந்து, புடவை வந்தது பங்குனி வெயிலில். நாங்கள் கொடுத்ததில் நாற்பது ஐம்பது கிராம் தண்ணீர். அது காற்றோடு போய்விட்டது. அதைத்தான் நாங்கள் அக்காவிடம் தேடுகிறோம்.

இன்னும் இரண்டு பீரியட் பாக்கி. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். மணி அடித்ததும் ஓடிப்போய் ஏறினால், பஸ் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் பெட்டிக்கடைக்கும் நின்று நின்று போனது. டிரைவரைத் தள்ளிவிட்டு நானே ஓட்டலாமா என்று வந்தது.

வீட்டுக்குப் போனதும் பீரோவிலிருந்து வளையமாகச் சுற்றிய அரைக் கிலோ பட்டு நூல் சிட்டத்தை எடுத்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எடை போட்டேன். ஐந்நூறு. மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே விரித்துப் போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். கொண்டுவந்து வைத்தால் நானூற்று எண்பத்தொன்பது. பிறகு குளியலறையில் இரண்டு வாளி வெந்நீரை வைத்துக் கதவை மூடி, கொடியில் சிட்டத்தைத் தொங்கவிட்டேன். இந்த முறை ஐந்நூற்றுப் பத்தைத் தாண்டியது.

அவர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிவிட்டார் என்று முகம் சொன்னது. ஆனால் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார்.

"சரி, ஒத்துக்கறேன். ஆனா போன வருஷமும் அக்கா மழையில நூல் வாங்கிக்கினு போயி வெயிலடிக்க சொல்லத்தானே கொண்டாந்தாங்க. அப்போ மட்டும் எப்படி எடை சரியா இருந்துச்சு?"

பழைய தராசு நாற்பது கிராமை விழுங்கும் அளவுக்கு மோசமில்லை. அக்காவுடையது மட்டுமில்லை, எந்தத் தறியின் புடவையும் எந்தக் கோடையிலும் இப்படிக் குறைந்ததில்லை. என் பாடம் சரியென்றால் எல்லாமே குறைந்திருக்க வேண்டும். ஒரு பையன் கை உயர்த்திக் கேட்ட கேள்வியில் மொத்த வகுப்பும் சிரித்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

அதற்கு மேல் வீட்டில் நிற்க முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போனேன். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பாவு இல்லாத தறி உள்ளே வெறும் கட்டையாக நின்றது. நான் உட்காராமலே கார்த்திகை, பங்குனி, உப்பு ஜாடி, குளியலறை எல்லாவற்றையும் கொட்டினேன். உங்கள் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன். ஆனால் முந்தின வருடங்கள் மட்டும் புரியவில்லை என்றும் சொன்னேன்.

அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போனார். கால் வைத்து உட்காரும் தறிக் குழியைக் காட்டினார். அடியில் ஒரு கோணிப்பை காய்ந்து கிடந்தது.

"வெயில் காலத்துல புடவைய அறுத்ததும் கொண்டாற மாட்டோம் டீச்சர். கோணிய நனைச்சு உள்ளப் போட்டுட்டு, மேல பலகை வெச்சு, அதுல புடவைய வெச்சு மூடிடுவோம். மறுநாள் காலைல எடை சரியா வந்துடும். எல்லா தறியிலயும் இதான். நீங்க அன்னிக்கு அப்படியே எடுத்துக்கினு வரச் சொன்னீங்க."

ஈரம் உறிஞ்சுவதைப் பதினோரு வருடம் பாடமாகச் சொல்லியும், பட்டு தண்ணீர் குடிக்கும் என்பதை நான் அன்றுதான் கண்டுபிடித்தேன். இவர்களுக்கு அது எப்போதோ தெரியும். எதற்கு அதைப் பயன்படுத்தினார்கள் என்று நினைத்தபோதுதான் வெட்கமாக இருந்தது. எடுக்காத நூலை எடுக்கவில்லை என்று காட்டுவதற்குக் கள்ளத்தனமாக ஈரம் வைக்க வேண்டியிருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் இத்தனை கோடைகளில் சரியாக இருந்த ஒவ்வொரு எடையும் அப்படி வந்ததுதான். அன்றே சொல்லியிருக்கலாமே அக்கா என்று கேட்டேன். ஈரம் வைத்துத்தான் இதுவரை கொண்டு வந்தேன் என்று அந்த நேரத்தில் சொன்னால் என்னவென்று நினைத்திருப்பீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

மறுநாளே அடுத்த பாவு போனது. என் வீட்டுக்காரர் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் விடவில்லை. தராசுக்கு மேலே ஆணி அடித்து ஒரு சிட்டம் நூலை நிரந்தரமாகத் தொங்கவிட்டேன். நூல் கொடுக்கும் நாளில் அதன் எடையைச் சீட்டில் குறிப்போம், புடவை வரும் நாளில் திரும்பப் பார்ப்போம். சிட்டம் எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அந்த விகிதத்தைப் புடவைக்கும் விட்டுவிடுவோம். அதற்குச் சாட்சிச் சிட்டம் என்று பெயரும் வைத்து, எல்லாத் தறிக்காரர்களுக்கும் போன் போட்டுச் சொன்னேன். இனிமேல் யாரும் ஈரம் வைக்க வேண்டாம் என்று அக்காவிடம் நேரிலேயே போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். என்னை நானே மெச்சிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

இந்த வருடம் மார்கழிப் பனியில் அக்காவுக்கு நூல் கொடுத்தோம். மாசி முடிவில், உதடு வெடிக்கும் வெயிலில் புடவையோடு வந்தார். முதலில் சாட்சிச் சிட்டத்தை இறக்கி வைத்தேன். அது நன்றாகவே குறைந்திருந்தது. அப்படியென்றால் புடவையும் குறைய வேண்டும். தட்டில் வைத்தேன். இரண்டு கிராம்கூடக் குறையவில்லை.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மடிப்புக்குள் விரலை விட்டேன். உள்ளே சில்லென்று இருந்தது.

"ஏங்க்கா, அதான் வேணாம்னு சொன்னேனே? சாட்சிக்கு இது தொங்குதே."

அக்கா ஆணியைப் பார்த்தார், அதில் ஆடிக்கொண்டிருந்த கயிற்றைப் பார்த்தார்.

"அது உங்க வீட்டு நூலு டீச்சர். உங்களுக்குச் சாட்சி சொல்லும். எனக்கு அந்தக் கோணிதான்."