நேர்முகத்துக்குப் போன நெற்றி

கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், நல்ல புள்ளி எடுக்கும் மாணவர்களைச் சேர்க்கும் கௌரவ சங்கம் ஒன்று என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. எந்தச் சமயத்தவரும் சேரலாம் என்றுதான் கடிதத்தில் இருந்தது. நான்தான் நம்பவில்லை.

கார்னிவல் திருவிழா விடுமுறைக்கு ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்த வீட்டுக்கு வந்திருந்தேன். புதன்கிழமை காலை நேர்முகத்துக்கு வெளிக்கிடும்போது அம்மா, கேட்காமலே, என் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டார்.

"அழிச்சுப்போடாதை பிள்ளை."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. படியிறங்கினேன்.

ரயிலில் ஏறியதும் அவர்கள் கேட்கக்கூடியதையெல்லாம் யோசிக்கத் தொடங்கினேன். தேவாலயப் பூசைக்குப் போவாயா என்று கேட்டால் என்ன சொல்வது? நெற்றியைப் பார்த்ததுமே முடிவெடுத்துவிட்டால்? கழிப்பறைக்குள் போய் ஈரத்தாளால் தேய்த்தேன். ஒரு கோடு இன்னும் தெரிவதுபோலவே இருந்தது. தோல் சிவக்கும்வரை தேய்த்தேன்.

நேர்முக அறைக் கதவைத் திறந்தால், மேசைக்குப் பின்னால் மூன்று பேராசிரியர்கள். மூன்று பேரின் நெற்றியிலும் சாம்பல். கார்னிவல் முடிந்த மறுநாள் விபூதிப் புதன் என்பது பயத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது. காலைப் பூசையில் இட்ட சாம்பல் சிலுவையை அவர்களில் ஒருவரும் துடைத்திருக்கவில்லை.

சமயத்தைப் பற்றி அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் படிப்பைப் பற்றித்தான் கேட்டார்கள். பதில் சொல்லச் சொல்ல என் கை நெற்றிக்கே போய்க்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"திருநீறு கடைசிமட்டும் இருந்ததோ?"

"ஓம் அம்மா," என்றேன். "அங்கை எல்லாருக்கும் இருந்தது."