கிழியாத வலை

எங்கள் சந்தில் சாராயக்கடை வந்தபோது எனக்கு ஒன்பது வயசு.

அதற்கு முன்னால் திரேஸ்புரத்தில் யாரும் குடித்ததில்லை என்று சொன்னால் மாதா கோபித்துக்கொள்வாள். ஒளிந்து குடித்தார்கள். சர்க்கார் மதுவிலக்கை எடுத்தது. ஒளிய வேண்டியதில்லை என்று ஆனது. தண்ணீர்க் குழாய்க்கு எதிரே, சந்து முடிகிற இடத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, பலகை மாட்டிவிட்டார்கள்.

அப்பா முன்பெல்லாம் கோயில் திருவிழாவுக்கும் கிறிஸ்மசுக்கும்தான் குடிப்பார். குடித்தால் பாடுவார். எங்களுக்கு அது பிடிக்கும். கடை வந்த பிறகு தினமும் குடித்தார். பாட்டு நின்றுபோனது.

இரண்டு நாள் விடியலில் எழுந்திருக்க முடியவில்லை. வள்ளம் அவரை விட்டுவிட்டுப் போனது. வள்ளம் வேறொருவருடையது. வலை மட்டும்தான் எங்களுடையது. வள்ளத்துக்காரர் வாசலில் நின்று, "இன்னொரு நாள் வராட்டி வேற ஆள் ஏத்திருவேன், சொல்லிரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நானும் போனேன்.

குழாயடியில் பெண்கள் கடையைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். மனுக் கொடுத்தாயிற்று. சாமியார் பிரசங்கம் வைத்தாயிற்று. பிரசங்கம் முடிந்ததும் ஆம்பிளைகள் நேரே கடைக்குத்தான் போனார்கள். அப்போது அம்மா சொன்னாள்: "வாசல்ல வலையைக் காயப் போடுவோம்."

எங்கள் ஆட்கள் காய்கிற வலையை மிதிக்க மாட்டார்கள், தாண்டவும் மாட்டார்கள். தாண்டினால் அந்த வலையில் மீன் படாது. சுற்றித்தான் போவார்கள். கடை வாசலிலோ சுற்ற வழி இல்லை. இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் சுவர். வலையை எடுப்பதென்றால் அதற்குச் சொந்தக்காரர்தான் எடுக்கவேண்டும்.

"யார் வலையைப் போட?" என்று சித்தி கேட்டாள்.

"எங்க வீட்டு வலை."

"ஏளா, கடைக்கு மொத ஆளா போறதே ஒம்மாப்பிள்ளைதானே!"

"அதனாலதான்."

மறுநாள் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி, சாப்பிட்டுப் படுத்தார். நாங்கள் வலையைத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு முனையை நான் பிடித்தேன். சுவரிலிருந்து சுவர் வரை விரித்துவிட்டு, பெண்கள் ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

கடைக்காரர் வெளியே வந்தார்.

"என்னம்மா இது? வழியை விடுங்க."

"காயட்டும் அண்ணாச்சி. ஈரமா இருக்கு."

"நைலான் வலைதானே, ஒரு மணி நேரத்துல காயுமே."

"எங்க வலை அப்பிடிக் காயாது அண்ணாச்சி" என்றாள் சித்தி. "ஒங்க கடை காலியானா ஒடனே காஞ்சிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய ஆம்பிளைகள் வந்தார்கள். வலையைப் பார்த்து நின்றார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தும் ஒருவரும் காலை எடுத்து வைக்கவில்லை. அப்புறம் அப்பா வந்தார். தன் வலை என்று தூரத்திலேயே தெரிந்துவிட்டது அவருக்கு.

"ஏலே, ஒன் வலைதானே? சுருட்டிப் போடுலே" என்றார் பெரியப்பா.

"வீட்டுல கேட்டுக்கிட்டுச் சுருட்டணுமோ?" என்று இன்னொருவர் சீண்டினார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அப்பா குனிந்து வலையின் ஓரத்தைப் பிடித்தார். சுருட்டப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். உதவிக்கு எழுந்துகூட விட்டேன். சித்தி என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

அப்பா அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியிலிருந்து வலை பின்னும் ஊசியை எடுத்தார். "கிழிஞ்சிருக்கு" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் கிழிசலே இல்லை. நல்ல கண்ணியை அறுத்தார், திரும்ப முடிச்சுப் போட்டார். அடுத்ததை அறுத்தார், முடிந்தார். வேர்த்துக் கொட்டியது. கோயிலில் அந்தி ஜெபத்துக்குத் திருந்தாதி மணி அடித்தது. எல்லாரும் எழுந்து சிலுவை போட்டோம், அப்பாவும் எழுந்து போட்டார். போகப் போகிறார் என்று பார்த்தால், மறுபடி உட்கார்ந்து ஊசியை எடுத்தார்.

சொந்தக்காரன் வேலை செய்கிற வலையை யார் தாண்டுவது? பெரியப்பா முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனார். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள்.

அதற்குப் பிறகு தினம் ஒரு வீட்டு வலை காய்ந்தது. மாதம் முடியும் முன்னே கொட்டகையைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். அந்தக் கிறிஸ்மசுக்கு அப்பா ஒரு தம்ளர் குடித்தார். பாடினார்.

ஆனால் அன்று இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்: "அப்பாவுக்குக் கண்ணு தெரியலம்மா. கிழியாத வலையை அறுத்து அறுத்துக் கட்டுதாவ."

அம்மா சோறு வைத்தாள். மீனில் நடுத்துண்டு எப்போதும் எனக்குத்தான். அன்று அதை எடுத்து அப்பா தட்டில் வைத்தாள்.

நல்ல வலையைக் கெடுத்தவருக்கு நடுத்துண்டா? எனக்கு ஆத்திரமாக வந்தது. வால்துண்டைத் தொடாமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.