ஆஃப் என்றால் லீவு

1955-ஆம் வருஷம் குற்றாலத்தில் கிதிர் முகம்மது சாயிபு நடத்திய ‘அருவி விலாஸ்’ லாட்ஜில் நான் மேனேஜராகச் சேர்ந்தேன். ஆங்கிலம் தெரியும் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். அப்படிச் சொன்னதால் நான் பட்ட பாட்டையும், என்னால் மற்றவர்கள் பட்ட பாட்டையும் மறைக்காமல் எழுதிவிடுவது என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் தளவாய். ஊர் கீழப்பாவூர். வீட்டில் எல்லோரும் நெல் வயலை நம்பி இருந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான். முதல் தடவை ஆங்கிலத்தில் போயிற்று. இரண்டாம் தடவை தேறினேன். தாளைத் திருத்தியவருக்கு அன்று வேறு ஏதோ நல்ல காரியம் நடந்திருக்க வேண்டும்.

வேலை கேட்டுப் போன அன்று சாயிபு ஓர் ஆங்கிலக் கடிதத்தை நீட்டி வாசிக்கச் சொன்னார். நிறுத்தாமல், தொண்டையைத் திறந்து, முற்றுப்புள்ளியைக்கூட மதிக்காமல் வாசித்தேன். அர்த்தத்தை அவர் கேட்கவில்லை. அவருக்கும் ஆங்கிலம் தெரியாது. “சத்தம் சுத்தமா இருக்குவே, நாளைக்கே வந்துரும்” என்றார்.

தனித்தனிச் சொற்களில் எனக்குக் குறை கிடையாது. கெட் என்றால் பெறு, புட் என்றால் வை, அப் என்றால் மேலே, டவுன் என்றால் கீழே. ஆனால் லாட்ஜுக்கு வந்தவர்கள் அந்தச் சொற்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிப் பேசினார்கள். கட்டின பிறகு பழைய அர்த்தம் எங்கேயோ ஓடிவிட்டது.

முதல் அடி விழுந்தது நாகப்பூரிலிருந்து வந்த ஒரு ரயில்வே அதிகாரியால். ஒரு நாள் மத்தியானம் அவரும் மனைவியும் ஆபீஸுக்கு வந்து, “வி செட் ஆஃப் அட் சிக்ஸ்” என்றார்கள். ஆஃப் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். ஆபீஸில் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி ஸ்விட்ச் இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் அந்தச் சொல்தான் எழுதியிருந்தது. ஆறு மணிக்கு விளக்கை அணைத்துவிடச் சொல்கிறார்கள், சிக்கனமான மனுஷர் என்று எண்ணி, சாயங்காலம் மணி ஆறடித்ததும் அவர்கள் அறை ஸ்விட்சை அணைத்தேன். அவர் இரண்டு முறை வந்து இருட்டாக இருக்கிறது என்று கையைக் காட்டிச் சொன்னார். கரண்ட் கோளாறு என்று நானும் கையைக் காட்டிச் சொன்னேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு இருவரும் பெட்டியோடு வாசலில் நின்றார்கள். ஜட்கா வண்டிக்கு நான் சொல்லிவைக்கவில்லை. ரயிலும் போய்விட்டது. அவர் என்னைப் பார்த்துச் சொன்னவை ஒற்றை ஒற்றைச் சொற்கள். அதனால் அவை எல்லாமே எனக்குப் புரிந்தன.

ஆனாலும் எனக்குப் புத்தி வரவில்லை. 1957-ஆம் வருஷம், ஆடி மாதம், நல்ல சாரல். கோயம்புத்தூரிலிருந்து ஒரு மில்காரர் குடும்பம், பதினான்கு பேர், வெள்ளிக்கிழமை முதல் பத்து நாளைக்கு ஆறு அறை வேண்டும் என்று முன்பே கடிதம் எழுதியிருந்தார்கள். புதன்கிழமை ஒரு தந்தி வந்தது. ‘டிரிப் கால்டு ஆஃப் லெட்டர் ஃபாலோஸ்’ என்று ஐந்தே சொல்.

இந்தத் தடவை அவசரப்படக் கூடாது என்று நாற்காலியில் சாய்ந்து யோசித்தேன். ஸ்விட்ச் ஆஃப் இங்கே பொருந்தாது. தென்காசித் தாலுகா கச்சேரி குமாஸ்தாக்கள் ‘இன்னைக்கு எனக்கு ஆஃப்’ என்று சொல்லிக்கொண்டு அருவிக்கு வருவார்கள். ஆக, ஆஃப் என்றால் லீவு. லீவில் பயணம் வரும்படி எல்லோரையும் அழைத்தாயிற்று, கடிதத்தோடு பின்னாலேயே வருகிறார்கள். சாயிபுவிடம் அப்படியே அர்த்தம் சொன்னேன். அவர் மகிழ்ந்து போய் நான்கு ஜட்காவும் பதினான்கு மாலையும் ஏற்பாடு செய்யச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் நாசரேத் பக்கமிருந்து ஐந்து பள்ளிக்கூட ஆசிரியைகள் வந்து அறை கேட்டார்கள். மழையில் நனைந்திருந்தார்கள். ஊரில் எந்த லாட்ஜிலும் இடமில்லை என்றும், இரண்டு அறை கொடுத்தால்கூடப் போதும் என்றும் அவர்களில் மூத்தவர் சொன்னார். அவருக்கு முப்பது வயதிருக்கும். பெயர் தங்கபுஷ்பம் என்று பின்னால்தான் தெரிந்தது. நான் ரிஜிஸ்தரைத் திறந்து பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, “ஹவுஸ் ஃபுல்” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

மத்தியானம் நான்கு ஜட்காவோடு தென்காசி ஸ்டேஷனுக்குப் போனேன். திருநெல்வேலி வண்டிக்காக அதே ஐந்து ஆசிரியைகளும் பிளாட்பாரத்தில் டிரங்குப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். விருதுநகர் வழியாக வரும் வண்டி வந்தது. மாலையோடு முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரை நடந்தேன். சில பேர் தங்களுக்கோ என்று கழுத்தை நீட்டினார்கள். என் ஆட்கள் யாரும் இறங்கவில்லை.

தங்கபுஷ்பம் என்னைப் பார்த்து, உங்கள் ஆட்கள் வரவில்லையா என்று கேட்டார். அறை இல்லை என்று நான் சொன்னது பொய்யில்லை என்று நிரூபிக்க எனக்கு ஆசை. சட்டைப் பையிலிருந்து தந்தியை எடுத்துக் கொடுத்தேன். அவர் படித்தார். திரும்பவும் படித்தார்.

“அண்ணாச்சி, இத யாரு படிச்சா?”

“நாந்தான். ஏன்?”

“அவுக வரமாட்டாக. பயணத்த ரத்து பண்ணிட்டாக. கால்டு ஆஃப்னா ரத்து.”

“ஆஃப்னா லீவு டீச்சர்” என்றேன்.

“தனியா நின்னா லீவு. கால்டுகூடச் சேந்தா ரத்து.”

நான் விடவில்லை. கால்டு என்றால் கூப்பிட்டது, கூப்பிட்ட பிறகு எப்படி ரத்தாகும் என்று வாதாடினேன். கூட இருந்த ஆசிரியை ஒருவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. தங்கபுஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வண்டியையும் பார்த்துவிடுங்கள் என்றார். பார்த்தேன். அதிலும் யாரும் வரவில்லை. மாலையெல்லாம் வாட ஆரம்பித்திருந்தது.

கொஞ்ச நேரம் ஜட்காக்காரர்களையும் ஆசிரியைகளையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு அவர்கள் பக்கத்தில் போய், “டீச்சர், ஆறு ரூம் காலியா இருக்கு. வாரீகளா?” என்று கேட்டேன்.

அவர்கள் இரண்டு ஜட்காவில் ஏறினார்கள். மற்ற இரண்டும் மாலைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தன. லாட்ஜ் வாசலில் சாயிபு பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தார். யார் என்று விசாரிக்காமலே ஐந்து பேர்மேலும் தெளித்து முடித்துவிட்டு, “என்னவே, மில்லுக்காரக வீட்ல ஆம்பளையே கெடையாதா?” என்று என்னிடம் கேட்டார். மில்காரர்கள் வரவில்லை என்று இப்போதுதான் செய்தி வந்தது, அறை வீணாகாமல் இவர்களைக் கூட்டிவந்தேன் என்றேன். சமயோசிதக்காரன் என்று என் முதுகில் தட்டினார். தங்கபுஷ்பம் பன்னீரைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தங்கபுஷ்பம் ஆபீஸுக்கு வந்து மெதுவாகச் சொன்னார். “ஒங்க மொதலாளிகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா நாங்க இருக்குத நாலு நாளும் தெனம் பத்து வார்த்தை எழுதித் தாரேன், படிக்கணும்.” அவர் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுப்பவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தந்தியை யாரிடம் காட்டினோம் என்று நினைத்துக்கொண்டேன். பிளாட்பாரத்தில் வேறு யாரும் கிடைக்கவில்லையா?

சேர்ந்து நிற்கும் சொற்களைப் பிரிக்கவே கூடாது என்பதுதான் அவர் சொன்ன முதல் பாடம். “இட்லியப் பிச்சு அரிசி எங்க, உளுந்து எங்கன்னு தேடுவீகளா? ரெண்டும் ஒண்ணா வெந்தாச்சு” என்றார். செட் ஆஃப் என்றால் கிளம்புவது. அதைக் கேட்டதும் நாகப்பூர்க்காரரும் மனைவியும் இருட்டில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. சீ ஆஃப் என்றால் வழியனுப்புவது, புட் அப் என்றால் தங்கவைப்பது, ஹெல்டு அப் என்றால் வழியில் மாட்டிக்கொண்டு தாமதமாவது, பிரேக் டவுன் என்றால் வண்டி பழுதாகி நிற்பது. ரயிலில் ஏறுவது கெட் ஆன், காரில் ஏறுவது கெட் இன். அது ஏன் என்று கேட்டேன். எழுந்து நடமாட இடமிருந்தால் ஆன், குனிந்து போய் உட்கார்ந்தால் இன் என்றார். அப்படியானால் ஜட்காவுக்கு என்றேன். அதை இங்கிலீஷ்காரனிடம்தான் கேட்க வேண்டும் என்றார்.

நாற்பது சொற்களையும் ஐந்தருவியில் நின்று உருப்போட்டேன். பக்கத்தில் குளித்த ஒரு பெரியவர் அது எந்த சாமிக்கு உண்டான மந்திரம் என்று விசாரித்தார். ஆசிரியைகள் ஊருக்குப் போன பிறகும் நான் தங்கபுஷ்பத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். என் கடிதத்தையே சிவப்பு மையால் திருத்தி அவர் திருப்பி அனுப்புவார். என் மனைவி ஆவுடைத்தாய் முதல் கடிதத்தை வாங்கி நன்றாக உற்றுப் பார்த்தாள். “இவ்வளவு செவப்பு அடிச்சிருக்காகளே, ஒங்க மேல கோவமா?” என்றாள். அவளுக்கிருந்த சந்தேகமெல்லாம் அத்தோடு தீர்ந்தது.

நாற்பது சொல் தெரிந்ததும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. 1959-இல், தங்கபுஷ்பத்திடம் கேட்காமல், நானே ஒரு ஆங்கில விளம்பரப் பலகை எழுத வைத்தேன். தென்காசி ஸ்டேஷனிலிருந்து விருந்தினர்களை ஏற்றிவந்து குற்றாலத்தில் இறக்கிவிடுவோம் என்பது நான் சொல்ல வந்தது. பிக் அப் என்று இருக்க வேண்டிய இடத்தில், ஆஃப் மேல் எனக்கு இருந்த பிரியத்தால், பிக் ஆஃப் என்று எழுதினேன். இறக்கிவிடுவதற்குப் புட் டவுன் என்று போட்டேன்.

பலகை எட்டு மாதம் வாசலில் நின்றது. மலைக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து, அதன் முன்னால் தன் மனைவியை நிறுத்திப் போட்டோ எடுத்தார். பிறகு பிள்ளைகளை நிறுத்தி எடுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பலகை வாசகத்தைத் தங்கபுஷ்பத்துக்கு எழுதி, துரை போட்டோ எடுத்ததையும் சேர்த்து எழுதினேன். மறுதபாலில் பதில் வந்தது. பிக் ஆஃப் என்றால் ஒவ்வொருவராகக் குறிபார்த்துச் சுடுவதாம். இறக்கிவிடுவதற்குப் புட் டவுன் சரிதானாம். ஆனால் சுட்டதற்குப் பிறகு அதைப் போட்டால், நோய்ப்பட்ட நாயைக் கொல்வதற்குச் சொல்கிற அர்த்தம்தான் வருமாம். விருந்தினரைத் தென்காசியில் சுட்டு, மிச்சமிருக்கும் உயிரைக் குற்றாலத்தில் போக்குவோம் என்று எட்டு மாதமாக ஊருக்கு அறிவித்திருக்கிறேன். பலகையைக் கழற்றி வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்தேன். கறையான் அரித்துவிட்டது என்று சாயிபுவிடம் சொன்னேன்.

1964-ஆம் வருஷம் ஆவணியில் நடந்ததை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வராது. அப்போது லாட்ஜுக்குப் போன் வந்திருந்தது. பம்பாய்க்காரம்மா ஒருவர் தன் வயதான தகப்பனாருடன் திருவனந்தபுரத்திலிருந்து காரில் வருவதாக எழுதியிருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்குப் போன் அடித்தது. புளியரைச் சோதனைச் சாவடியிலிருந்து அந்த அம்மாள்தான் பேசினார். மலைப்பாதையில் மண் சரிந்து காலையிலிருந்து ஹெல்டு அப், இப்போது கார் பிரேக் டவுன் என்றார். இரண்டும் எனக்குத் தெரிந்தவை. சபாஷ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்து, “மை ஃபாதர் ஹாஸ் பாஸ்டு அவுட்” என்றார்.

காலேஜ் முடித்த பையன்களைப் பாஸ்டு அவுட் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த வயதில் ஒரு மனுஷர் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறாரே என்று எனக்கு மரியாதையே வந்துவிட்டது. வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மாள் அழுவது காதில் விழுந்தது.

தேறினதற்கு யாராவது அழுவார்களா? போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். ‘எஸ் மேடம், எஸ் மேடம்’ என்று சொல்லி ஒப்பேற்றி ஒன்பது வருஷம் பழகிய நாக்கு இது. அன்றைக்கு அந்த எஸ் வரவில்லை. “மேடம், ஐ டோன்ட் நோ. மை இங்கிலீஷ் வெரி ஸ்மால். டெல் ஸ்மால் வேர்ட்ஸ்” என்றேன். அந்த அம்மாள் அழுகையை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஃபாதர். ஃபால். ஐஸ் குளோஸ்டு. நோ டாக்கிங். சுகர்.

சாயிபுவின் காரை எடுத்துக்கொண்டு டாக்டர் ஏசுதாசன் வீட்டுக்கு ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஏறினார். சுகர் என்றதைச் சொன்னதும் ஊசி மருந்தைத் திரும்பிப் போய் எடுத்துவந்தார். பாஸ்டு அவுட் என்றால் மயங்கி விழுவது என்று வழியில் அவர்தான் சொன்னார். அரை மணி நேரத்தில் புளியரையில் இருந்தோம். பெரியவர் சாவடிப் பெஞ்சில் வேர்த்து ஊற்றிக் கிடந்தார். மகள் அவர் தலையை மடியில் வைத்திருந்தார். காவலாளி ஒருவர் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். காலையில் சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொண்டு, வழியில் மாட்டியதால் சாப்பிடாமல் இருந்துவிட்டாராம். டாக்டர் குளூக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் பெரியவர் கண்ணைத் திறந்து, இது எந்த ஸ்டேஷன் என்று மகளிடம் கேட்டார். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் சாயிபு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அப்படி என்ன இங்கிலீஷ் பேசி அந்த உயிரைக் காப்பாற்றினீர் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று இங்கிலீஷில் சொன்னேன், அவ்வளவுதான் என்றேன். பேச்சோடு பேச்சாகத் தந்தியையும் ஸ்விட்சையும் பலகையையும் சொல்லிவிட்டேன்.

“இத நீரு சேந்த அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் ஒம்போது வருசம் நிம்மதியாத் தூங்கியிருப்பேனேவே” என்றார் சாயிபு.

வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் மறுவாரமே ஆபீஸ் மேஜைக்கு ஒரு பெரிய அகராதி வந்து சேர்ந்தது. தந்தி வந்தால் முதலில் அகராதி, பிறகு மேனேஜர், அதற்குப் பிறகுதான் ஜட்கா என்று சாயிபு உத்தரவு போட்டார். தங்கபுஷ்பம் டீச்சர் மறு சீசனுக்கு வந்தபோது அந்த உத்தரவைக் கேட்டுவிட்டு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.